குடியிருக்கும் ஊரில் ஓட்டு

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானது. தேர்தல் ஆணையம் நடத்திய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முன்பு 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை அதில் 5.43 கோடியாக இறங்கியிருந்தது. விடுபட்ட ஏறத்தாழ 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம் பேர். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகியிருந்தவர்கள் சுமார் 4 லட்சம். மிச்சமிருந்த 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் அடங்கினார்கள். கட்சிகள் மொத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடின. போலிகள் ஒழிந்தார்கள் என்றது ஒரு தரப்பு. உரிமை பறிபோனது என்றது மறுதரப்பு. இந்த 66 லட்சம் பேர் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டால் அந்த வரி முடிந்தது. உயிரோடு இருப்பவர் ஒரு தெருவைக் காலி செய்திருக்கிறார் என்றால் இன்னொரு தெருவில் இருக்கிறார். அந்தத் தெருவின் பட்டியலில் அவர் பெயர் ஏறாதவரை திருத்தம் பாதியில்தான் நிற்கிறது.

வாக்காளர் எங்கே வசிக்கிறாரோ அங்கே அவரைச் சேர்ப்பது அரசு காட்டும் சலுகை அல்ல, சட்டம் சுமத்தியிருக்கும் கடமை. இன்றைய நடைமுறையில் நீக்குவதை அரசு தானே முன்வந்து செய்கிறது. சேர்ப்பதைக் குடிமகனின் தலையில் கட்டிவிடுகிறது. பிகாரில் இதே திருத்தத்தின் கீழ் 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் சுமார் 36 லட்சம், நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது கண்டறிய முடியாதவர்கள் என்று ஆணையம் சொன்னது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகும் மக்களை அதிகமாகக் கொண்ட மாநிலம் பிகார். அங்கே விடுபட்டவர்களில் எத்தனையோ பேர் டெல்லியிலும் சூரத்திலும் சென்னையிலும் திருப்பூரிலும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆகஸ்டில் இங்கே ஒரு சர்ச்சை கிளம்பியது. பிகார் தொழிலாளர்கள் 6.5 லட்சம் பேர் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள் என்று முன்னாள் மத்திய அமைச்சர் ப. சிதம்பரம் கவலை தெரிவித்தார். தேர்தல் ஆணையம் அந்தக் கணக்கே தவறு என்று மறுத்தது. எண் சரியா தவறா என்பதோடு பேச்சு அடங்கிவிட்டது. பிறந்த ஊரில் 'இடம் மாறியவர்' என்று பெயர் போய்விட்ட மனிதர், பிழைக்க வந்த ஊரில் 'வெளியூர்க்காரர்' என்று தடுக்கப்பட்டால் அவர் எங்கேதான் வாக்காளர்? இந்தக் கேள்வியை எந்தக் கட்சியும் நேராக எடுத்துப் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 19ஆம் பிரிவில், இரண்டே தகுதிகளைக் கேட்கிறது: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், அதன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 20ஆம் பிரிவு இன்னும் கவனமானது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவரை அங்கே குடியிருப்பவராகக் கொள்ள முடியாது என்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனவர், போன காரணத்தாலேயே தன் ஊரில் குடியிருப்பவர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்றும் சொல்கிறது. யார் எங்கே குடியிருப்பவர் என்ற கேள்வி எழுந்தால், எல்லா விவரங்களையும் வைத்து வாக்காளர் பதிவு அலுவலர் தீர்மானிக்க வேண்டும். சொத்தையும் குடியிருப்பையும் சட்டம் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதிகள் உள்ளவருக்கே ஓட்டு என்ற பிரிட்டிஷ் காலத்து ஏற்பாட்டைக் கைவிட்டு, வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்று அரசமைப்பின் 326ஆவது கூறு நிலைநாட்டியதன் தொடர்ச்சி அது.

சட்டம் திறந்துவைத்த கதவைப் படிவங்கள் முக்கால்வாசி சாத்திவிடுகின்றன. புதிதாகப் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6, முகவரிச் சான்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது இவற்றை: குறைந்தது ஓராண்டுக்கான தண்ணீர், மின்சாரம் அல்லது எரிவாயு இணைப்பின் ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கு இந்தப் பட்டியலை எடுத்துப்போய்ப் பார்க்கலாம். ஒரே வாசலுக்குள் வரிசையாக அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில்; குடியிருப்பவருக்கு உள்மீட்டர் கணக்கு மட்டும். சமையலுக்குக் கடையில் வாங்கும் 5 கிலோ சிலிண்டர். வாடகை கையில் வாங்கிக் கையில் கொடுப்பது. எழுதிக்கொள்கிற இடத்திலும் 11 மாத ஒப்பந்தம்தான்; ஓராண்டுக்கு மேல் என்று எழுதினால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் உருவான பழக்கம் அது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பது தேனியோ நாகப்பட்டினமோ ஒடிசாவின் கஞ்சமோ. அந்த அறையில் பத்து ஆண்டு இருந்தவரிடமும் பட்டியலில் கேட்கப்பட்ட காகிதங்களில் இந்த முகவரியோடு ஒன்றுகூட இருக்காது. எல்லா வாடகைக் குடியிருப்பும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2017இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. லைன் வீடுகளின் வாசலை அது எட்டவில்லை.

தேர்தல் ஆணையத்துக்கு இது புரியாத விஷயம் அல்ல. வீடே இல்லாதவர்களுக்காக அது வகுத்திருக்கும் விதி மிக மனிதத்தன்மை உள்ளது. நடைபாதையில் படுப்பவர் விண்ணப்பித்தால் அவரிடம் ஆவணம் கேட்கத் தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் அங்கே உறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்தால் போதும். மாணவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாத அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்து விடுதியில் தங்குபவர், கல்லூரி முதல்வரின் சான்றைக் கொடுத்து விடுதி முகவரியிலேயே பதிவு செய்யலாம்; வேண்டாம் என்றால் பெற்றோர் வீட்டு முகவரியில் தொடரலாம். தேர்வு அவருடையது. மூன்றாண்டில் படிப்பை முடித்துப் போகப்போகிறவர் என்பது தெரிந்தே சட்டம் அவரை இவ்வூர்க்காரராக ஏற்கிறது. அப்படியிருக்க, அதே நகரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தொழிலாளியை ஏற்காமலிருக்க என்ன காரணம் சொல்ல முடியும்? கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு, தொழிற்சாலை மேலாளரின் கையெழுத்துக்கும் பக்கத்து வீட்டாரின் வாக்குமூலத்துக்கும் கிடைக்க வேண்டும்.

நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லாதவர் எப்படிக் குடியிருப்பவர் ஆவார் என்று ஒரு சட்டக் கேள்வி எழலாம். 1999இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம் மன்மோகன் சிங் தொடர்பான வழக்கில், குடியிருப்பு என்பது தற்செயலாகவோ தற்காலிகமாகவோ அமையாமல் நிலைத்த தன்மை உள்ளதாக இருக்க வேண்டும் என்று விளக்கியது உண்மை. அந்த வழக்கின் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வான மன்மோகன் சிங், அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் என்று வாக்காளர் பட்டியலில் பதிவாகியிருந்தார். அது சரியா என்பதே கேள்வி. அந்தச் சிக்கலே எழாதபடி நாடாளுமன்றம் 2003இல் சட்டத்தைத் திருத்தியது. மாநிலங்களவை உறுப்பினர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்கத் தேவையில்லை என்றாக்கியது. குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் வாக்காளராகலாம் என்று 2010இல் இன்னொரு திருத்தம் வந்தது. ராணுவத்தினருக்கு முன்பிருந்தே தனி ஏற்பாடு உண்டு. நகர்ந்துகொண்டே இருக்கும் வாழ்க்கைக்கு ஏற்பச் சட்டம் வளைந்து கொடுத்திருக்கிறது. உறுப்பினருக்கும் அயல்நாட்டில் வாழ்பவருக்கும் படைவீரருக்கும் வளைந்த சட்டம் கூலித் தொழிலாளிக்கு வளையவே வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி நடைமுறைப்படுத்தினால் போதும். சட்டத்தின் வாசகத்தில் நிரந்தர எண்ணம் என்ற நிபந்தனை இல்லை. பல ஆண்டு ஒரே ஊரில் வேலையும் வாடகையும் பள்ளியும் என்று வாழ்பவரின் குடியிருப்பு தற்செயலானதும் அல்ல.

பதிவு இல்லாமல் போவதன் நஷ்டம் தேர்தல் நாளில் மட்டும் தெரிவதில்லை. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, சாக்கடை எப்போது தூர்வாரப்படும், தெருவிளக்கு எரிகிறதா என்பவற்றைக் கேட்க வேண்டிய ஆள் வார்டு கவுன்சிலர். உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே தயாராகிறது. ஒரு வார்டில் குடியிருப்பவர்களில் கணிசமானோர் பட்டியலில் இல்லையென்றால், அவர்கள் இருக்கும் சந்துக்கு வர வேண்டிய கட்டாயம் கவுன்சிலருக்கு இல்லை. இது அவர்களை மட்டும் பாதிப்பதில்லை. அதே சந்தில் பட்டியலில் உள்ள உள்ளூர்க் குடும்பத்துக்கும் சாக்கடை அதேதான். ரேஷன் விஷயத்தில் இந்த நாடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து, வேற்று மாநில அட்டையோடு இங்கே அரிசி வாங்க வழி செய்தது. அரிசி வாங்க இவ்வூரில் இடமுண்டு, அந்தக் கடையை ஒழுங்காக நடத்தச் சொல்லி வாக்களிக்க இடமில்லை என்ற நிலை நியாயமானதல்ல.

சொந்த ஊருக்குப் போய் வாக்களிக்கலாமே என்பார்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. ஒரு நாள் விடுமுறையில் சென்னையிலிருந்து ராமநாதபுரம் போய் வருவதே பெரும்பாடு. கஞ்சம் மாவட்டத்துக்குப் போய்வரும் பேச்சே இல்லை. 2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய இரவு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் பஸ் கிடைக்காமல் திரண்டு நின்ற கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அந்த இரவில் அங்கே நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் பிற மாவட்டத்துக்காரர்கள். இடம் மாறியவர் பிரச்சினை வடமாநிலத்தவர் பிரச்சினை மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் வாக்கு பதிவானது. மத்திய சென்னையில் 54 சதவீதம். நகரத்தாருக்கு அக்கறை இல்லை என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எழுதப்படுகிறது. வீடு மாறிப் போனவர்களின் பெயர்கள் பழைய வாக்குச்சாவடியில் தங்கியிருப்பதும், வந்தவர்களின் பெயர்கள் புதிய இடத்தில் ஏறாததும் அந்தச் சதவீதத்தை இழுத்துப் பிடிக்கின்றன. அக்கறையின்மை ஒரு பங்கு. பழுதான பட்டியல் இன்னொரு பங்கு.

தமிழ்நாட்டில் உண்மையாக நிலவும் அச்சத்துக்கு வருவோம். வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே வாக்காளர்களானால் மாநிலத்தின் அரசியல் முகமே மாறும், மொழியும் தன்னாட்சிக் குரலும் பலவீனமாகும் என்ற கவலையை இழிவாகப் பேசக் கூடாது. தன் மொழிக்காகப் போராடிய வரலாறு உள்ள மக்களிடம் அது எழுவது இயல்பு. ஆனால், அந்தக் கவலைக்கு வாக்குரிமை மறுப்பு மருந்தாகாது. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது அரசமைப்பின் 19ஆவது கூறு. அந்த உரிமையின் பலனை மற்றவர்களைவிடத் தமிழர்கள் குறைவாக அனுபவிக்கவில்லை. 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனா முதலில் குறிவைத்தது பம்பாயின் தென்னிந்தியர்களைத்தான். அந்த நகரின் வேலைகளையும் வாக்குகளையும் வந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே அன்றைய குற்றச்சாட்டு. தாராவித் தமிழர்கள் அங்கேயே பதிந்தார்கள், வாக்களித்தார்கள். சயான் கோலிவாடா தொகுதியில் 2014லிலும் 2019லிலும் தமிழ்ச்செல்வன் என்ற தமிழர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மும்பையில் தமிழருக்கு உரிமை என்று கொண்டாடுகிறவர்கள் திருப்பூரில் ஒடியருக்கு அதே உரிமையை மறுக்க முடியாது. இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொகுதி மறுவரையறையில் இடங்களை இழப்போம் என்று தமிழ்நாடு அஞ்சுகிறது. மறுவரையறை மக்கள்தொகையை வைத்து நடப்பது. 2027 கணக்கெடுப்பில் லைன் வீட்டில் இருப்பவரும் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் எண்ணப்படுவார். மக்கள்தொகை எண்ணிக்கைக்கு அவர் வேண்டும், வாக்குச்சாவடிக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

வாக்கைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழரின் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. இலங்கையில் 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் குடியிருப்பை நிரூபிக்கும் நிபந்தனை வந்து சேர்ந்தது. ஐந்தாண்டு வசித்ததையும் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தையும் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. லயன் அறைகளில் தலைமுறையாக வாழ்ந்தும் காகிதம் காட்ட முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். அப்படியும் பதிந்தவர்கள் 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்டவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓட்டு இல்லை. பிரதிநிதி இல்லாத மக்களின் தலைவிதியை 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் எண்களாகப் பிரித்துக்கொண்டார்கள்: 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி பிறகு. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கேள்வி குடியுரிமையைப் பற்றியது, இங்கே ஒரே நாட்டுக் குடிமக்கள் என்று சொல்லலாம். அதனாலேயே பிகார்த் தொழிலாளியின் கோரிக்கை மலையகத் தொழிலாளியின் கோரிக்கையைவிடச் சட்டப்படி உறுதியானது. எண்ணிக்கையில் பெருகிவிடுவார்கள் என்ற அச்சத்தால் உழைப்பவரின் வாக்கைப் பறிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் வேறு யார்?

சில ஆண்டு காத்திருக்கட்டும், ஊரை அறிந்த பின் வாக்களிக்கட்டும் என்பது கொஞ்சம் மென்மையான வாதம். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அப்படித்தான் சொன்னது. மாநிலத்தில் ஓராண்டும் மாவட்டத்தில் மூன்று மாதமும் வசித்திருந்தால்தான் பதிவு என்றது. நாஷ்வில் நகரில் சட்டம் கற்பிக்க வந்த புளும்ஸ்டைன் என்ற பேராசிரியர் வழக்குத் தொடுத்தார். 1972இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்தது. பட்டியலைத் தயாரிக்க 30 நாள் அவகாசம் போதும் என்றும், நீண்ட காலம் இருந்தவரே ஊரை அறிந்தவர் என்று அரசு அனுமானித்துக்கொள்ள முடியாது என்றும் அது கருதியது. நம் சட்டத்திலும் காத்திருப்புக் காலம் கிடையாது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் வந்திருப்பது, இளைஞர்களைக் காக்கவைக்கக் கூடாது என்பதால். இடம் மாறியவரை மட்டும் காக்கவைக்கக் காரணம் இல்லை.

இரட்டைப் பதிவு நடக்காதா, கட்சிகள் ஒரே வீட்டு முகவரியில் நூறு பேரைத் திணிக்கமாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. இரண்டு தொகுதிகளில் பதிவாவதை 17ஆம் பிரிவு தடுக்கிறது. பொய் உறுதிமொழிக்கு 31ஆம் பிரிவில் ஓராண்டு சிறைவரை உண்டு. ஆனால், இரட்டைப் பதிவில் பெரும்பகுதி மோசடியால் வருவதில்லை என்றே தோன்றுகிறது. பழைய ஊரில் பெயரை நீக்கக் கேட்பது தனி வேலையாகவும் புதிய ஊரில் சேர்வது தனி வேலையாகவும் இருந்தவரை, மக்கள் இரண்டாவதை மட்டும் செய்தார்கள். தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் எண்களிலேயே இரட்டைப் பதிவு 4 லட்சம், இடப்பெயர்வு 66 லட்சம். நோயின் அளவு எது என்று தெரிகிறது. இடமாற்றத்துக்கென்றே உள்ள படிவம் 8 எளிதாகக் கிடைத்து, புதிய இடத்தில் சேர்ந்தவுடன் பழைய இடத்தில் தானாக நீங்கினால் இரட்டைப் பதிவு குறையும். கள்ள முகவரிக்கு நேரடி விசாரணையே தீர்வு; நடைபாதையில் இரவில் போய்ப் பார்க்க முடிந்தவர்களால் ஒரு காம்பவுண்டுக்குள் மாலையில் போய்ப் பார்க்க முடியாதா? வெளிநாட்டவர் நுழைந்துவிடுவார் என்ற பேச்சும் குடியிருப்புக் கேள்வியோடு கலக்கப்படுகிறது. குடியுரிமை ஒரு சோதனை, குடியிருப்பு வேறொரு சோதனை. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரைச் சந்தேகத்தின் பேரில் விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, டெல்லி, மும்பை ஏழைக் குடியிருப்புகளை முன்வைத்துத்தான்.

இடம்பெயர்ந்தவர்களே இங்கே பதிய விரும்புவதில்லை என்பதும் ஓரளவு உண்மை. ஊரில் நிலம், உறவு, கோயில், பஞ்சாயத்துத் தேர்தல் எல்லாம் இருக்கின்றன. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆறு மாதம் வந்து திரும்புபவருக்குச் சொந்த ஊர்ப் பதிவே பொருத்தம். தற்காலிகமாகப் போனவர் குடியிருப்பை இழக்கமாட்டார் என்ற சட்ட வரி அவருக்காகவே இருக்கிறது. கணக்கெடுப்பு நாளில் வீடு பூட்டியிருந்தது என்பதற்காக அவரை இல்லாதவர் என்று எழுதுவது அந்த வரிக்கு எதிரானது. அத்தகையவர்களுக்காகத்தான் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில், 72 தொகுதிகளுக்கு ஒரே இடத்தில் வாக்களிக்கும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. 2019இல் 30 கோடிக்கும் அதிகமானோர் வாக்களிக்கவில்லை என்பதை அது காரணமாகச் சொன்னது. கட்சிகளின் எதிர்ப்பால் முயற்சி நகரவில்லை. எதிர்ப்பில் நியாயம் உண்டு. யார் புலம்பெயர்ந்தவர் என்ற வரையறையே அப்போது தெளிவாக இல்லை. பல்லாண்டு தங்கிவிட்டவருக்கோ இயந்திரம் எதுவும் வேண்டாம். எது தன் ஊர் என்று சொல்லும் முதல் உரிமை அவருடையது. மாணவருக்குக் கொடுத்த தேர்வை அவருக்கும் கொடுத்தால் போதும்.

வீட்டு உரிமையாளர்களின் பயமும் சிறியதல்ல. குடித்தனக்காரருக்கு இந்த முகவரியில் வாக்காளர் அட்டை கிடைத்துவிட்டால் வீட்டைக் காலி செய்யமாட்டார், உரிமை கொண்டாடுவார் என்று பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள். சட்டப்படி வாக்காளர் அட்டை எந்தச் சொத்துரிமையையும் தருவதில்லை. மாநகராட்சியும் தேர்தல் அலுவலகமும் இதை எழுதி, மண்டல அலுவலக வாசலிலும் சொத்து வரிச் சீட்டின் பின்புறத்திலும் அச்சிட்டாலே பாதிப் பேச்சு அடங்கும். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமலே பதிய முடியும் என்பதைக் குடித்தனக்காரரும் அறிய வேண்டும்.

செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. எல்லா விவரங்களையும் வைத்து முடிவெடுக்கும் அதிகாரம் பதிவு அலுவலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இடம் மாறியவர் என்று ஒரு பெயருக்கு எதிரே எழுதும்போதே போன இடத்தையும் செல்பேசி எண்ணையும் கேட்டு எழுத வேண்டும். அந்த விவரம் புதிய இடத்தின் வாக்குச்சாவடி அலுவலருக்குப் போய், அவர் தேடிவந்து சேர்க்க வேண்டும். சிறப்புத் திருத்தத்தில் விடுபட்டவர்கள் முதன்முறை வாக்காளரைப் போலப் படிவம் 6-ஐ உறுதிமொழியுடன் கொடுக்க வேண்டியிருந்தது. பல தேர்தல்களில் வாக்களித்த ஐம்பது வயதுக்காரரை அப்படி நடத்துவது தவறு. பதிவு முகாம்கள் சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களில் நடக்கின்றன. திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சனிக்கிழமை ஷிப்ட் உண்டு. முகாம் கம்பெனி வாசலுக்கும் தொழிலாளர் விடுதிக்கும், ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போக வேண்டும். இந்தி, ஒடியா, வங்க மொழிப் படிவங்களும் எழுதிக் கொடுக்க ஓர் ஆளும் அங்கே இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடும் லைன் வீட்டை அலுவலர் பகலில் மூன்று முறை தட்டினாலும் மூன்று முறையும் பூட்டுத்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போனால் ஆள் இருப்பார். அந்த வேளை வேலைக்கான படியையும், துணைக்கு இன்னொரு ஊழியரையும், அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருந்துகொண்டு இந்த வேலையையும் சுமக்கும் வாக்குச்சாவடி அலுவலருக்கு அரசு தர வேண்டும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் தயாராவதற்குள், பின்னலாடை நகரமான திருப்பூரின் ஒரு சில வார்டுகளிலாவது இதைச் செய்துபார்த்து, இடம் மாறியவர் என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் எந்த வார்டில் சேர்ந்தார்கள் என்ற கணக்கைத் தலைமைத் தேர்தல் அதிகாரி வெளியிடலாம்.